முகம் தெரிகிற மாதிரி ஒரு படம்

என் தங்கை என்னிடம் எதையும் சுலபத்தில் கேட்டுவிடமாட்டாள். கேட்டாளானால், அது நடக்கக்கூடிய காரியமாக இராது. சில வருஷங்களுக்கு முன் ஒருநாள் மாலை அவள் வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பை இரண்டு தடவை மடித்துப் பிரித்துவிட்டுச் சொன்னாள்:

"அண்ணா, அவன் பந்தயத்துக்கு நீங்க போகப் போறீங்களாமே. முகம் தெரியற மாதிரி ஒரே ஒரு படம் எடுத்துக்கிட்டு வாங்க. நான் வரமாட்டேன். என்னாலே அதைப் பார்க்க முடியாது."

'அவன்' என்றது அவளுடைய பிள்ளையை. வயது இருபத்திரண்டு. இஞ்சினீயரிங் தேறி, வேலைக்கும் போய், முதல் ஆறு மாதச் சம்பளத்தைப் பந்தய மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்வதில் கரைத்திருந்தான். புதியவர்களுக்கென்று நடத்துகிற பந்தயத்தில் அவன் பெயரும் வந்துவிட்டது. இடம் இருங்காட்டுக்கோட்டை. சென்னையிலிருந்து பெங்களூர் போகும் சாலையில், ராமானுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்னால் இருக்கிறது. 1990-லிருந்து அங்கே பந்தயப் பாதை இருக்கிறது. ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர், பன்னிரண்டு வளைவுகள்.

நான் கதை எழுதுகிறவன். கதாநாயகியின் கண்ணோரத்தில் ஒரு துளி நீர் தேங்கினால் அதை நாலு பக்கத்துக்கு நிறுத்திவைக்க எனக்குத் தெரியும். நூறு கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறவனுடைய முகத்தை நிறுத்திவைக்க எனக்கு ஏது யோக்கியதை? ஆனாலும் 'சரி' என்று சொல்லிவிட்டேன். சொன்னதற்குக் காரணம், எனக்கு ஒரு பழைய கடன் பாக்கி இருந்தது.

1970-களின் தொடக்கத்தில், நான் பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்தபோது, என் தகப்பனார் என்னைச் சோழவரம் பந்தயத்துக்கு அழைத்துப் போனார். இரண்டாவது உலகப் போரின்போது விமானங்கள் இறங்குவதற்காகப் போட்ட தளம் அது. போர் முடிந்த பிறகு மோட்டார்ப் பந்தயக்காரர்களுக்கு வாய்த்தது. வெயில், புழுதி, பெட்ரோல் வாசனை, வேர்க்கடலை. என் கையில் தகப்பனாருடைய பெட்டிக் காமிரா. ஒரு சுருளில் எட்டே படம். நான் எட்டையும் அன்றைக்கே எடுத்தேன். கழுவி வந்தபோது எட்டிலும் ரோடு இருந்தது, வானம் இருந்தது, எதிர்ப்புறத்து ஜனங்கள் இருந்தார்கள். வண்டி மட்டும் இல்லை. ஒன்றில் மட்டும் வலது ஓரத்தில் வாழைப்பழத்தோல் மாதிரி ஏதோ இருந்தது. அது ஒரு காரின் பின்புறம் என்று நான் சாதித்தேன். தகப்பனார் எட்டுப் படங்களையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "ரோடு நன்றாக விழுந்திருக்கிறது" என்றார். அவர் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. அந்த வாக்கியம் மட்டும் ஆகவில்லை.

அந்த எட்டுப் படங்களிலும் நான் செய்த பிழை ஒன்றேதான். வண்டி எதிரே வந்ததைக் கண்ணால் கண்ட பிறகு பொத்தானை அழுத்தினேன். கண் கண்டு, மனம் தீர்மானித்து, விரல் கீழ்ப்படிவதற்குள் வண்டி தன் வழியே போய்விடுகிறது. முதல் தடவை பந்தயத்துக்குக் காமிராவோடு போகிற எல்லாரும் இதைத்தான் செய்கிறார்கள். இந்தக் காலத்துக் காமிரா விநாடிக்குப் பத்துப் படம் எடுக்கட்டும், இருபது எடுக்கட்டும். தாமதம் விரலில் இருக்கிறபோது அது பத்து ரோட்டையும் இருபது ரோட்டையும்தான் எடுத்துக் கொடுக்கும்.

பந்தயத்துக்கு மூன்று வாரம் இருந்தது. ஒரு சிநேகிதரிடம் நீண்ட லென்ஸோடு ஒரு காமிராவை இரவல் வாங்கினேன். பழகுவதற்குப் பந்தய மைதானம் வேண்டியதில்லை. பஸ் ஸ்டாப் போதும். மயிலாப்பூரில் லஸ் முனைக்குப் பக்கத்தில் காலை ஏழு மணிக்குப் போய் நின்று, போகிற வருகிற ஸ்கூட்டர்களையும் மோட்டார் சைக்கிள்களையும் குறிபார்க்கத் தொடங்கினேன். இதில் நான் எதிர்பாராத ஒரு சங்கடம் நேர்ந்தது. நான் காமிராவைத் தூக்கியதும், தலைக்கவசத்தை முழங்கையில் மாட்டிக்கொண்டு வந்தவர்களெல்லாம் அவசர அவசரமாக அதைத் தலைக்கு மாற்றிக்கொண்டார்கள். இரண்டு பேர் வண்டியைத் திருப்பிக்கொண்டு சந்துக்குள் புகுந்துவிட்டார்கள். மூன்றாவது நாள் ஒரு பெரியவர் என் பக்கத்தில் வந்து, "அபராதச் சீட்டு வீட்டுக்கே வந்துடுமா, சார்?" என்று பவ்வியமாகக் கேட்டார். நான் கதாசிரியன் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை.

முதல் வாரம் ஷட்டரை 1/1000 விநாடியில் வைத்து எடுத்தேன். வேகமாகப் போவதைப் பிடிக்க வேகமான ஷட்டர் வேண்டும் என்பது யாருக்கும் தோன்றுகிற நியாயம்தானே? படங்கள் கண்ணாடி மாதிரி விழுந்தன. மகிழ்ந்துபோய்த் தங்கையிடம் ஒன்றைக் காட்டினேன். அவள் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இவன் ஏன் நடுரோட்டிலே வண்டியை நிறுத்திட்டு உட்கார்ந்திருக்கான்?" என்று கேட்டாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் சொன்னது முற்றிலும் உண்மை. சக்கரத்தின் கம்பிகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். அந்த மனிதன் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போனான் என்பதற்குப் படத்தில் எந்தச் சாட்சியும் இல்லை.

கணக்கைப் பாருங்கள். மணிக்கு நூறு கிலோமீட்டர் போகிற வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 28 மீட்டர் கடக்கிறது. ஷட்டர் 1/1000 விநாடி திறந்து மூடினால், அதற்குள் வண்டி மூன்று சென்டிமீட்டர்கூட நகர்வதில்லை. 1/60 விநாடி திறந்திருந்தால் அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவாக நகர்ந்துவிடுகிறது. காமிரா அசையாமல் இருந்தால் வண்டி ஒரு கறையாகத் தேய்ந்துபோகும். காமிராவும் வண்டியோடு அதே வேகத்தில் திரும்பினால்? வண்டி தெளிவாக நிற்கும், உலகம்தான் தேய்ந்துபோகும். மரம், சுவர், கடைப் பலகை எல்லாம் கோடு கோடாக இழுபட்டு, நடுவில் ஒருவன் மட்டும் உருவத்தோடு இருப்பான். வேகம் என்பது அப்பொழுதுதான் படத்துக்குள் வருகிறது.

சொல்வது எளிது. செய்வதற்குக் கழுத்தும் இடுப்பும் சம்மதிக்க வேண்டும். வண்டி எந்த இடத்துக்கு வரும்போது படம் வேண்டுமோ, அந்த இடத்தைப் பார்த்துக் கால் இரண்டையும் ஊன்றிக்கொள்ள வேண்டும். பிறகு இடுப்புக்கு மேலே மட்டும் வண்டி வருகிற திசைக்குத் திரும்பி, தூரத்தில் இருக்கும்போதே அதைக் காமிராவுக்குள் வாங்கிக்கொண்டு, அதோடு கூடவே திரும்பி வர வேண்டும். முறுக்கிவிட்ட கயிறு தானாகப் பிரிகிற மாதிரி உடம்பு பிரிய வேண்டும். நேரே வந்ததும் பொத்தானை மெதுவாக அழுத்த வேண்டும். அழுத்தியதும் நின்றுவிடக் கூடாது! இங்கேதான் முக்காலே மூன்று வீசம் பேர் தவறுகிறார்கள். ஊஞ்சலைத் தள்ளுகிறவனுடைய கை ஊஞ்சலோடு சற்றுத் தூரம் போய்விட்டுத்தானே திரும்புகிறது? அந்த மாதிரி, படம் எடுத்தான பிறகும் வண்டியை வழியனுப்பிக்கொண்டே போக வேண்டும்.

எடுத்த எடுப்பில் 1/60-க்குப் போகாதீர்கள். 1/250-ல் ஆரம்பித்து, அது கைவந்ததும் 1/125, அப்புறம் 1/60. கீழே போகப் போகப் படம் உயிர் பெறும், கெட்டுப்போவதும் அதிகமாகும். 1/60-ல் எனக்கு இருபதில் ஒன்று தேறியது. அதற்காக நான் வெட்கப்படவில்லை. நாவலில் எனக்கு அந்த விகிதம்கூடக் கிடையாது.

இந்த விஷயத்தில் எனக்கு ஆறுதல் அளித்தவர் லார்டீக் என்ற பிரெஞ்சுக்காரர். முதல் உலகப் போருக்கு முன்னால், 1912 என்றும் 1913 என்றும் சொல்கிறார்கள், பிரான்சில் நடந்த ஒரு பெரிய கார்ப் பந்தயத்துக்கு இந்த இளைஞர் கண்ணாடித் தகட்டுக் காமிராவோடு போனார். ஒரு காரோடு கூடவே காமிராவைத் திருப்பி எடுத்தார். திருப்பியது சரியாகப் பொருந்தவில்லை. கார் பாதிதான் விழுந்தது. அதன் சக்கரம் வட்டமாக இல்லாமல் முட்டை வடிவத்தில் முன்பக்கம் சாய்ந்துவிட்டது. பின்னால் நின்ற ஜனங்களோ எதிர்ப்புறமாகச் சாய்ந்துவிட்டார்கள். அந்தக் காமிராவின் ஷட்டர் ஒரு சிறு இடுக்கு. அது தகட்டின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நகர்ந்துகொண்டே பதிய வைக்கும். ஒரு பாகம் பதிந்து மறு பாகம் பதிவதற்குள் கார் சற்று முன்னே போய்விட்டது. அதனால் வந்த கோணல் அது. கெட்டுப்போன படம் என்று அதை அவர் ஒதுக்கிவைத்துவிட்டார். 1963-ல் நியூயார்க் நவீனக் கலைக் காட்சிசாலை அவருடைய படங்களை உலகத்துக்குக் காட்டியபோது அவருக்கு வயது அறுபத்தொன்பது. இன்றைக்கு வேகத்தைக் காட்டுகிற படம் என்று யாராவது பேச ஆரம்பித்தால், அந்தக் கோணல் படம்தான் முதலில் வந்து நிற்கிறது. (உங்கள் கைபேசியில் ஓடுகிற வண்டியைத் திருப்பி எடுத்தால் விளக்குக் கம்பங்கள் சாய்ந்து விழுவதைப் பார்த்திருப்பீர்கள். காரணம் அதேதான். சத்தமில்லாத ஷட்டர் என்று புதிய காமிராக்களில் ஒன்று இருக்கிறதே, பந்தயத்தில் அதைத் தொடாமலிருப்பது நல்லது.)

பந்தய நாள் ஞாயிற்றுக்கிழமை. மாமன் என்ற உறவைக் காட்டிலும் கழுத்தில் மாட்டுகிற அட்டைக்குத்தான் அங்கே மதிப்பு. பையன் எப்படியோ எனக்கு ஒரு அட்டை வாங்கி வைத்திருந்தான். போனதும் கொடிக்காரர் ஒருவர் என்னை நிறுத்தி, வேலிக்கு எந்தப் பக்கம் நிற்கலாம், எந்தப் பக்கம் நிற்கக் கூடாது என்று சொன்னார். ஓட்டிகளின் கண்ணில் படும்படி ஃபிளாஷ் போடக் கூடாது. பாதைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. காமிராவுக்குள் பார்க்கிறவனுக்குத் தான் ஒரு ஜன்னலுக்கு இந்தப் பக்கம் பத்திரமாக இருப்பதுபோல் ஒரு பிரமை உண்டாகிறது. நூற்றைம்பது கிலோ வண்டிக்கு அந்த ஜன்னல் தெரியாது.

நேர்ப்பாதையில் வேகம் அதிகம், அங்கேதான் நிற்க வேண்டும் என்று எண்ணியிருந்தேன். போய்ப் பார்த்தால், நேர்ப்பாதையில் ஓட்டி வண்டியோடு வண்டியாகக் குப்புறப் படுத்துக்கொண்டு போகிறான். பார்க்க ஒன்றுமில்லை. வளைவுக்குப் போங்கள். அங்கே வேகம் குறைகிறது. மனிதன் வெளியே வருகிறான். வண்டி ஒரு பக்கம் சாய, முழங்கால் தரையைத் தடவ, தலை மட்டும் தான் போக வேண்டிய இடத்தைப் பார்த்துத் திரும்புகிறது. நான் ஒரு வளைவின் உட்புறமாக, கம்பி வலைக்குப் பின்னால் இடம் பிடித்தேன். இரண்டடி தள்ளி நின்று எடுத்தபோது ஓட்டிகளெல்லாம் சிறைக்குள் இருப்பவர்கள்போல் விழுந்தார்கள். லென்ஸை வலையோடு ஒட்டி வைத்து, அதன் துவாரத்தை அகலத் திறந்துவிட்டேன். கம்பி கரைந்து போயிற்று. ஆனால் துவாரம் அகலத் திறந்தால் வெளிச்சம் வெள்ளமாக வரும். மெதுவான ஷட்டருக்கு அது ஒத்துவராது. அதற்குக் கறுப்புக் கண்ணாடி ஒன்று லென்ஸின் முன்னால் மாட்ட வேண்டும். எங்கள் ஊர் வெயிலுக்கு அது இல்லாமல் கிளம்பாதீர்கள்.

வெயிலைப் பற்றி இன்னொன்று. பத்து மணிக்கு மேல் தார்ப் பாதையிலிருந்து கானல் எழும்பத் தொடங்குகிறது. நீண்ட லென்ஸில் பார்த்தால் தூரத்து வண்டி, கொதிக்கிற ரசத்தின் ஆவிக்கு அந்தப்புறம் தெரிகிற முகம் மாதிரி நெளிகிறது. லென்ஸைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. கிட்டே வருகிற வரை விட்டுவிட வேண்டும். கூர்மையான படங்கள் வேண்டுமென்றால் காலையில் நடக்கிற பயிற்சிச் சுற்றுகளுக்கே போய்விடுவது உத்தமம். அப்பொழுது யாரும் அவசரப்படுத்தவும் மாட்டார்கள்.

பையனுடைய பந்தயம் பகலில். ஆறு சுற்று. அவன் எண் 41. சிவப்பு விளக்குகள் அணைந்ததும் இருபதுக்கு மேற்பட்ட வண்டிகள் தேனீக்கூட்டைக் கலைத்தாற்போல் கிளம்பின. முதல் சுற்றில் என் வளைவுக்கு எல்லாரும் ஒரே கும்பலாக வந்தார்கள். 41 எங்கே என்று கண்டுபிடிப்பதற்குள் போய்விட்டார்கள். 'ரோடு நன்றாக விழுந்திருக்கும்' என்று எண்ணிக்கொண்டேன். இரண்டாவது சுற்றில் கிடைத்தான், ஆனால் இன்னொருவன் முழங்கை குறுக்கே வந்துவிட்டது. ஒரு சுற்றுக்கு இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஆகிறது. அந்த இரண்டு நிமிஷமும் பாதையில் ஒன்றுமே இல்லை. எங்கேயோ மறுபக்கத்தில் சத்தம் ஏறி இறங்குகிறது. இங்கே ஒரு கொக்கு புல்லில் நடக்கிறது.

மூன்றாவது சுற்றில் அவன் தனியாக வந்தான். தூரத்திலேயே வாங்கிக்கொண்டேன். இடுப்பு தானாகத் திரும்பிற்று. அழுத்தினேன், வழியனுப்பினேன். காமிராவின் பின்புறத்தைப் பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. பார்த்தேன். எதிர்ப்புறத்து விளம்பரப் பலகைகளெல்லாம் பட்டுப்புடவைக் கரைபோல ஓடியிருக்க, நடுவில் அவன். முழங்கால், கையுறை, 41 என்ற எண், எல்லாம் செதுக்கினாற்போல். முகம்? தலைக்கவசமும் அதன் கறுப்புக் கண்ணாடியும். அவள் என்னிடம் கேட்டது இந்த ஜன்மத்தில் பாதையில் கிடைக்காது என்பது அப்பொழுதுதான் எனக்கு உறைத்தது. மூன்று வாரமாக ஷட்டரைப் பற்றி யோசித்த நான், தலைக்கவசத்தைப் பற்றி யோசிக்கவே இல்லை.

நான்காவது சுற்றில் அவன் வரவில்லை.

முதலில் வந்தவர்கள் போனார்கள். நடுவில் வந்தவர்கள் போனார்கள். அவனுக்குப் பின்னால் இருந்தவர்களும் போனார்கள். என் வளைவுக்கு முந்தின வளைவில் மஞ்சள் கொடி ஆடுவது தெரிந்தது. மஞ்சள் என்றால் முன்னால் அபாயம், யாரும் யாரையும் முந்தக் கூடாது. சட்டைப் பையில் கைபேசி அதிர்ந்தது. தங்கைதான் என்று தெரியும், எடுக்கவில்லை. அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் என்பதை வீட்டுக்கு வந்து படங்களைப் புரட்டியபோதுதான் தெரிந்துகொண்டேன். பதினோரு படம் எடுத்திருக்கிறேன். பதினொன்றிலும் யார் யாரோ. எல்லாம் நன்றாகவே விழுந்திருந்தன. வருகிற ஒவ்வொரு வண்டியும் 41 ஆக இருக்கும் என்று அதனோடு திரும்பியிருக்கிறேன்.

வண்டிகள் கிளம்புகிற கொட்டகைக்கு நான் ஓடினேன் என்று சொன்னால், என் உடம்பைப் பார்த்தவர்கள் நம்பமாட்டார்கள். அவனை ஒரு சிறு லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். வளைவில் பின்சக்கரம் வழுக்கி, வண்டி ஒரு பக்கமும் இவன் ஒரு பக்கமுமாகச் சறுக்கி மண்ணில் போய் நின்றிருக்கிறார்கள். டாக்டர் பார்த்தாகிவிட்டது. எலும்பெல்லாம் பத்திரம். இடது முழங்கைப் பக்கம் தோல் சட்டை மட்டும் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்து, உள்ளே வெள்ளைத் துணி தெரிந்தது. ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தான். கவசத்தைக் கழற்றியிருந்தான். தலைமயிர் நெற்றியோடு ஒட்டியிருந்தது. கழுத்தெல்லாம் மண். தண்ணீர்ப் பாட்டிலைப் பல்லால் திறந்துகொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தான்.

எடுத்தேன். அங்கே கணக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

முதல் தடவை பந்தயத்துக்குப் போகிறவர்கள் பாதையையே பார்த்துக்கொண்டு நின்று இந்தக் கொட்டகையைக் கோட்டைவிடுகிறார்கள். காலையில் வண்டிக்குப் பக்கத்தில் வாய் உலர்ந்து உட்கார்ந்திருக்கிற பையன்கள், சங்கிலிக்கு எண்ணெய் போடுகிற மெக்கானிக், கையுறையை மாட்டிக் கழற்றி மறுபடி மாட்டுகிறவன், எல்லாம் இங்கேதான். முகங்கள் பூராவும் இங்கே இருக்கின்றன. நான் காலையில் அவனை இங்கே ஒரு படம் எடுத்திருக்கலாம். வளைவில் இடம் பிடிக்கிற அவசரத்தில் தோன்றவில்லை.

"மாமா, அம்மாகிட்ட காட்டறதுக்கு முன்னாடி அந்தக் கையை வெட்டிடுங்க" என்றான் அவன்.

பக்கத்திலிருந்த மெக்கானிக் திடுக்கிட்டுத் திரும்பினான்.

"படத்திலேதான்!" என்றான் பையன்.

வெட்டலாம். இந்தக் காலத்தில் அது ஒரு விநாடி வேலை. ஓரத்தை இழுத்துக் கொஞ்சம் உள்ளே தள்ளினால் முழங்கை போய்விடும். முகமும் சிரிப்பும் பாட்டிலும் மிச்சம். இரண்டு நாள் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு அதைத்தான் யோசித்தேன். வெட்டியும் பார்த்தேன். முகம் அதேதான். ஆனால் அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் போய்விட்டது. ஏதோ கல்யாண வீட்டில் எடுத்த படம் மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் வெட்டாமலே ஸ்டூடியோவில் கொடுத்து அச்சிட்டேன். அதோடு மூன்றாவது சுற்றுப் படத்தையும் சேர்த்துக் கொடுத்தேன். அந்தப் படத்தை யாருக்காவது காட்ட வேண்டும் என்ற என் சொந்த ஆசையும் அதில் கலந்திருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

தங்கை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் பாதைப் படத்தைத்தான் எடுத்தாள். "இதிலே முகம் தெரியாது" என்று நான் முன்கூட்டியே சொன்னேன்.

"தெரியாட்டா என்ன? இவன்தானே!" என்றாள். "எழுத உட்கார்ந்தா தோளை இப்படித்தான் தூக்கிக்குவான். மூணாம் கிளாஸ்லேர்ந்து சொல்லிப் பார்த்துட்டேன்."

நான் எட்டிப் பார்த்தேன். இடது தோள் வலது தோளைவிடச் சற்றுத் தூக்கலாகத்தான் இருந்தது. மூன்று வாரம் பயிற்சி செய்து, அந்தப் படத்தை ஐம்பது தடவை பார்த்த எனக்கு அது கண்ணில் பட்டிருக்கவில்லை.

பிறகு மற்றதை எடுத்தாள். சிரிப்பைப் பார்த்து அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே வந்தவள் முழங்கைக்கு வந்ததும் நிறுத்திவிட்டாள். இரண்டு படங்களையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"இது முன்னாடி, இது பின்னாடியா?"

"ஆமாம்."

"நடுவிலே ஒண்ணும் எடுக்கலையா, அண்ணா?"

"நடுவிலே நான் அங்கே இல்லை" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டுக்கொண்டு, "அந்தச் சட்டையை எங்கே ஒளிச்சு வெச்சிருக்கான், உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியும். என் வீட்டு மச்சில்தான் இருந்தது.